குழம்பின் குணம்

நேப்பிள்ஸ் துறைமுகத்தில் இரவில் கப்பல் ஏறினால் விடிகாலையில் ஸ்ட்ராம்போலித் தீவில் இறக்கிவிடுகிறார்கள். சிசிலிக்கு வடக்கே, திரேனியக் கடலில் சிதறிக் கிடக்கும் ஏழு ஏயோலியத் தீவுகளில் அது ஒன்று. ஏழுமே எரிமலைகள், கடலடியிலிருந்து எழும்பி, உச்சியை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பவை. 2000ஆம் ஆண்டு யுனெஸ்கோ இவற்றை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

எனக்கு வேண்டியிருந்தவை மூன்று: ஸ்ட்ராம்போலி, வுல்கானோ, லிபாரி. எரிமலைகளைப் பற்றிக் கொஞ்சம் படித்தவர்களுக்கு முதல் இரண்டு பெயர்களும் பழக்கமானவை. விட்டுவிட்டுச் சிறு வெடிப்புகளாகத் தணல் தூவுவது ஸ்ட்ராம்போலி வகை. தொண்டையை அடைத்த கல்லைப் பிய்த்துக்கொண்டு பீரங்கிபோல் வெடிப்பது வுல்கானோ வகை. ஜப்பானில் வெடித்தாலும் இந்தோனேசியாவில் வெடித்தாலும் இந்தச் சின்னஞ்சிறு தீவுகளின் பெயர்தான் அடிபடும்.

பாடப்புத்தகம் சொல்லும் விதி எளியது. பூமிக்கடியில் உருகிக் கிடக்கும் மாக்மாவில் சிலிக்கா குறைவாக இருந்தால் அது நெகிழ்ந்து ஓடும்; எரிமலை சாதுவாக இருக்கும். சிலிக்கா கூடினால் குழம்பு இறுகும், எரிமலை மூர்க்கமாகும். இந்த மூன்று தீவுகளையும் சேர்த்துப் பார்த்தால், சிலிக்கா ஏறக்குறைய 50 விழுக்காட்டில் தொடங்கி 75 விழுக்காடு வரை ஏறுகிறது. படகில் சில மணி நேரத்துக்குள் இவ்வளவு வேறுபாட்டைப் பார்க்கக்கூடிய இடங்கள் உலகில் அதிகமில்லை. விதி எவ்வளவு தூரம் செல்லுபடியாகிறது என்று கல்லைக் கையில் எடுத்தே பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன்.

ஸ்ட்ராம்போலி: தணல் தூவும் மலை

ஸ்காரி என்ற படகுத்துறையில் இறங்கியதும் கண்ணில் படுவது கருமணல். மையைக் கொட்டி வைத்ததுபோல் கரை முழுக்கக் கறுப்பு. அதற்கு மேலே வெள்ளையடித்த வீடுகள், அவற்றின் சுவர்களில் செம்பருத்தியும் காகிதப்பூவும். பின்னால் நிமிர்ந்து நிற்கிறது மலை: கடலுக்கு மேலே 924 மீட்டர், கடலுக்குள்ளே அதைப்போல் இரண்டு மடங்கு. சந்துகளில் மூன்று சக்கர வண்டிகள் ஓடுகின்றன. தெருவிளக்கு கிடையாது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இந்த மலை பெரிய இடைவெளியில்லாமல் கனன்றுகொண்டிருக்கிறது. மத்தியதரைக் கடலின் கலங்கரை விளக்கம் என்று மாலுமிகள் இதைச் சொல்லிவந்ததில் வியப்பில்லை.

சுவர்களில் இன்னொன்றையும் கவனித்தேன்: ஆழிப்பேரலை வந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று காட்டும் பலகைகள். 2002 டிசம்பர் 30 அன்று மலையின் வடமேற்குச் சரிவில் ஒரு பகுதி அப்படியே கடலுக்குள் சரிந்தது. அது எழுப்பிய அலைகள் ஊருக்குள் புகுந்து வீடுகளைச் சேதப்படுத்தின. அபாயச் சங்கும் தப்பும் வழிகளும் அந்த அனுபவத்தின் பயன்.

முன்பெல்லாம் உச்சிவரை ஏற விடுவார்கள். இப்போது அது நடக்காது. நாங்கள் ஏறியது 400 மீட்டர் உயரம் வரை, அதுவும் உரிமம் பெற்ற வழிகாட்டியோடு, தலைக்கவசம் மாட்டிக்கொண்டு. நாணல் புதர்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறும் பாதை. வெயில் தாழும் நேரத்தில் ஷியாரா டெல் ஃபுவோகோ எனும் நெருப்புச் சரிவின் விளிம்புக்கு வந்து சேர்ந்தோம். மலையைக் கத்தியால் வெட்டியெடுத்ததுபோன்ற ஒரு பெரும் பள்ளம். மேலே சுமார் 750 மீட்டர் உயரத்தில் வாய்கள். அங்கிருந்து தெறிக்கும் கற்கள் இந்தச் சரிவில் உருண்டு கடலில் விழுகின்றன. ஊர் மறுபக்கம் இருப்பதால் பிழைத்தது.

இருட்டும்வரை காத்திருந்தோம். வாய்க்கு மேலே புகை சிவந்தது. ஒரு பிடி தணலை யாரோ வானத்தில் விசிறியதுபோல் நூறு மீட்டருக்கு மேல் எழும்பிய கற்கள் வளைந்து விழுந்தன. சில விநாடிகள் கழித்துத்தான் ஓசை வந்தது. நெஞ்சில் வந்து மோதிய கனத்த மூச்சு அது. பிறகு கற்கள் உருளும் கலகலப்பு. பிறகு அமைதி. பத்து நிமிடமோ இருபது நிமிடமோ கழித்து அடுத்தது. குழந்தைகள் கைதட்டினார்கள்.

வழிகாட்டி காலடியிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கிக் கொடுத்தார். கறுப்பு நிறம், உடலெங்கும் ஓட்டைகள். பசால்ட் வகைக் குழம்பு உறைந்தது. இதில் சிலிக்கா பாதி, ஏறக்குறைய 50 விழுக்காடு. மீதியில் இரும்பு, மக்னீசியம், கால்சியம் முதலிய உலோகங்கள்.

இங்கே கொஞ்சம் வேதியியல் தேவைப்படுகிறது. உருகிய பாறைக்குள் ஒவ்வொரு சிலிக்கான் அணுவும் நான்கு ஆக்சிஜன் அணுக்களைப் பற்றிக்கொண்டு நிற்கும். பக்கத்துச் சிலிக்கானும் அதே ஆக்சிஜனைப் பற்றும்போது இரண்டும் கோத்துக்கொள்கின்றன. சிலிக்கா கூடக்கூட இந்தக் கோவை நீண்டு, கிளைத்து, வலையாகிவிடும். வலை பெரிதானால் குழம்பு நகர மறுக்கும். இரும்பும் மக்னீசியமும் கால்சியமும் அந்த வலையை இடையிடையே அறுத்துவிடுபவை. அவை நிறைந்த பசால்ட் குழம்பு 1,100 டிகிரி செல்சியஸ் சூட்டில் வெளிவரும்போது நன்றாகவே ஓடும். சிலிக்கா 70 விழுக்காட்டைத் தாண்டிய ரயோலைட் குழம்போ 700, 800 டிகிரியில் வருகிறது. அதன் பாகுத்தன்மை பசால்ட்டைவிடக் கோடி மடங்குகூட அதிகமாக இருக்கலாம்.

ஆனால் பாகுத்தன்மை தானாக வெடிக்காது. வெடிப்பது வாயு. ஆழத்தில், அழுத்தத்தில், நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் கந்தக வாயுக்களும் குழம்புக்குள் கரைந்தே இருக்கும். குழம்பு மேலே வர வர அழுத்தம் குறையும். வாயு குமிழாகப் பிரியும். அந்தக் குமிழுக்கு வழி கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி. அடுப்பில் வெந்நீர் கொதித்தால் குமிழ்கள் சத்தமில்லாமல் மேலே வந்து உடைந்து போகும். கேழ்வரகுக் கூழ் கொதித்தால் துழாவுகிறவர் கையில் தெறிக்கும். ஸ்ட்ராம்போலியின் குழம்பு இரண்டுக்கும் நடுவே இருப்பது. சிறு குமிழ்கள் வழியிலேயே ஒன்றுசேர்ந்து, வாயின் அகலத்துக்குப் பெருத்த ஒற்றைக் குமிழாகி, மேலே வந்து உடைகின்றன. நாங்கள் பார்த்தது அப்படி உடைந்த குமிழ்களின் தோல்.

இதுவரை பாடப்புத்தகம் சொன்னது சரி. வழிகாட்டி அதோடு நிறுத்தவில்லை. 2019 ஜூலை 3 அன்று பிற்பகலில், சாதாரண வெடிப்புகளைப் பார்த்துப் பழகிய இந்த ஊர் இன்னொன்றையும் பார்த்தது. சாம்பல் தூண் பல கிலோமீட்டர் உயரம் எழுந்தது. மலைச்சரிவில் நடந்துகொண்டிருந்த ஒருவர் இறந்தார். ஆகஸ்ட் 28 அன்று மீண்டும் ஒரு பெருவெடிப்பு. உச்சிக்குப் போகும் வழியை அடைத்தது அதற்குப் பிறகுதான்.

அந்தப் பெருவெடிப்புகள் விட்டுச்செல்லும் கல் வேறு மாதிரி இருக்கும்: பொன்னிறச் சாயல் கொண்ட, காற்றுபோல் கனமற்ற நுரைக்கல். ஆராய்ந்தால் அதுவும் பசால்ட்தான். சிலிக்கா அளவில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபடுவது அது வந்த ஆழமும் வேகமும். கறுப்புக் கல்லைத் தந்த குழம்பு மலையின் மேல்பகுதியில் தங்கி, வாயுவை ஏற்கெனவே இழந்து, படிகங்கள் மண்டிப் போனது. பொன்னிறக் கல்லின் குழம்போ பல கிலோமீட்டர் ஆழத்திலிருந்து வாயு குறையாமல் பாய்ந்து வந்தது. ஒரே மலை, ஏறத்தாழ ஒரே சேர்மானம். ஒன்றுக்குக் கைதட்டுகிறார்கள், மற்றதில் உயிர் போகிறது. விதியில் முதல் ஓட்டை ஸ்ட்ராம்போலியிலேயே விழுந்துவிட்டது.

வுல்கானோ: அடைத்த தொண்டை

லிபாரியிலிருந்து வுல்கானோவுக்கு விசைப்படகில் சில நிமிடங்கள்தான். நடுவே ஒரு ஒடுக்கமான நீரிணை. பலெர்மோ நகரில் பல ஆண்டுகளாக வேலை செய்யும் யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவர் இத்தாலிய மொழிக்குத் துணையாக வந்திருந்தார். சிசிலியின் தலைநகரான பலெர்மோவில் ஈழத்தமிழர்கள் ஏராளம்; அங்குள்ள பெல்லெக்ரினோ மலையில் இருக்கும் சாந்தா ரொசாலியா கோயிலுக்குக் கத்தோலிக்கரோடு சைவர்களும் ஏறுவது வழக்கம்.

படகு கரை தொடுமுன்பே அழுகிய முட்டை நாற்றம் வந்துவிட்டது. கைக்குட்டையை எடுத்தேன். "மூக்கைப் பொத்தி ஒண்டும் ஆகாது அண்ணை. காத்து எந்தப் பக்கம் அடிக்குதெண்டு பாத்து நில்லுங்கோ" என்றார் தம்பி. அன்று முழுக்க எங்களுக்கு உதவிய அறிவுரை அதுதான்.

லா ஃபொசா எனப்படும் கூம்பு 391 மீட்டர் உயரம். மழை அரித்த சாம்பல் பள்ளங்களுக்கு நடுவே ஒரு மணி நேர ஏற்றம். பாதை எப்போதும் திறந்திருக்காது. 2021 இலையுதிர் காலத்தில் மலைவாயிலிருந்தும் தரையிலிருந்தும் வாயு மிகுந்து வெளியேறியது. துறைமுகப் பகுதியில் கார்பன் டை ஆக்சைடு தாழ்வான இடங்களில் தேங்கத் தொடங்கவே, மக்கள் இரவில் அங்கே தூங்கக் கூடாது என்று நவம்பரில் உத்தரவு போட்டார்கள். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும்.

விளிம்பில் ஏறி நின்றபோது கீழே சாம்பல் நிறக் கிண்ணம். அதன் ஒரு கரையெங்கும் மஞ்சள் பூத்திருந்தது, அவ்வளவும் கந்தகம். பிளவுகளிலிருந்து ஆவி சீறிக்கொண்டிருந்தது. 1990களின் தொடக்கத்தில் இந்தப் பிளவுகளில் 600 டிகிரிக்கு மேல் வெப்பம் பதிவாகியிருக்கிறது. "நாங்கள் ஏறுற பெல்லெக்ரினோ சுண்ணாம்புக்கல் மலை, அண்ணை. அது பாட்டுக்குக் கிடக்கும். இது உயிரோட கிடக்கு" என்றார் தம்பி.

விளிம்பைச் சுற்றி ஆளுயரப் பாறைகள் சில கிடக்கின்றன. மேல்தோல் வழவழப்பாக இறுகி, ஆழமாக வெடித்திருக்கிறது. வெடிப்புக்குள் எட்டிப் பார்த்தால் உள்ளே நுரை. ரொட்டி மேலோட்டுக் குண்டுகள் என்று இவற்றுக்குப் பெயர். வானத்தில் பறக்கும்போதே வெளித்தோல் குளிர்ந்து உறைந்துவிட, உள்ளே இன்னும் சூடாக இருந்த குழம்பில் வாயு பிரிந்துகொண்டேயிருக்க, தோல் தாங்காமல் பிளந்தது. பெரிய அளவில் மலைக்குள் நடந்ததும் இதே கதைதான்.

வுல்கானோ கடைசியாக வெடித்தது 1888 ஆகஸ்ட் 3 முதல் 1890 மார்ச் வரை. அப்போது தீவின் ஒரு பகுதி ஜேம்ஸ் ஸ்டீவன்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் சொத்து. கந்தகம் வெட்டி விற்று, திராட்சை பயிரிட்டு வந்தார். வெடிப்பு அந்தத் தொழிலை முடித்துவைத்தது. நிலநடுக்க அளவுகோலால் பெயர் பெற்ற ஜுசெப்பே மெர்க்கல்லி இந்த வெடிப்பை நேரில் ஆராய்ந்தவர்களில் ஒருவர். வுல்கானோ வகை என்ற பிரிவு உருவானது அப்போதுதான்.

இங்குள்ள குழம்பு டிராக்கைட், ரயோலைட் வகைகளைச் சேர்ந்தது. ஸ்ட்ராம்போலியைவிடச் சிலிக்கா நன்றாகக் கூடியது. எப்படிக் கூடியது? குழம்பு ஆழத்தில் தங்கிக் குளிரும்போது இரும்பும் மக்னீசியமும் மிகுந்த தாதுக்கள் முதலில் படிகமாகிப் பிரிந்துவிடுகின்றன. மிஞ்சும் திரவத்தில் சிலிக்காவின் பங்கு ஏறுகிறது. வழியில் பூமியின் மேலோட்டுப் பாறையையும் உருக்கிச் சேர்த்துக்கொண்டால் இன்னும் ஏறும். அப்படித் திரண்ட குழம்பு தொண்டைக்கு வந்ததும் மேல்பகுதி உறைந்து அடைப்பாகிவிடுகிறது. கீழே வாயு சேர்கிறது. அடைப்பு தாங்கும்வரை மேலே ஒன்றும் தெரியாது. தாங்காதபோது அடைப்பும் குழம்பும் துண்டு துண்டாக வெளியே பறக்கின்றன. மீண்டும் அடைப்பு, மீண்டும் வெடிப்பு.

இதில் நீருக்கு ஒரு இரட்டை வேடம் உண்டு. குழம்புக்குள் கரைந்திருக்கும்வரை நீர் அந்தச் சிலிக்கா வலையை அறுத்து இளக்கிக்கொண்டிருக்கும். ஆவியாகப் பிரிந்து வெளியேறியதும் வலை மீண்டும் பின்னிக்கொள்ளும், குழம்பு இறுகும், படிகங்களும் முளைக்கும். வாயு வெளியேற வழி வேண்டிய நேரம் பார்த்துக் குழம்பே வழியை அடைக்கிறது. சிலிக்கா மிகுந்த எரிமலைகளின் ஆபத்தில் பெரும்பகுதி இந்த இடத்தில் பிறப்பது.

லிபாரி: நுரையும் கண்ணாடியும்

கடைசியாக லிபாரி. விதிப்படி பார்த்தால் மூன்றிலும் இதுதான் மூர்க்கமானது. சிலிக்கா 74, 75 விழுக்காடு. பேருந்தில் கன்னேத்தோ ஊரைத் தாண்டி வடக்கே போனால் மலைச்சரிவு திடீரென்று வெளுக்கிறது. உப்பளம் செங்குத்தாக நிற்பதுபோல் கண் கூசும் வெண்மை. நுரைக்கல் சுரங்கம் இருந்த இடம். இங்கே வெட்டிய கல் கட்டடங்களுக்கும் தேய்ப்புப் பொருள்களுக்கும் நெடுங்காலம் கப்பலேறியது. யுனெஸ்கோ பட்டியலில் தீவுகள் சேர்ந்த சில ஆண்டுகளில், 2007இல், சுரங்கம் மூடப்பட்டது. கப்பலில் கல் ஏற்றிய பழைய மேடைகள் போர்த்திச்செல்லோ கடற்கரையில் துருப்பிடித்து நிற்கின்றன.

அந்தக் கடற்கரையில் நின்றால் ஒரு பக்கம் பிலாத்தோ மலையின் வெண்ணுரைக்கல். இன்னொரு பக்கம் ரொக்கே ரோசே எனும் செம்பாறைகள்: வெளியே துருச்சிவப்பு, உடைந்த இடத்தில் கரிய கண்ணாடி. ஆப்சிடியன் எனும் எரிமலைக் கண்ணாடி அது. குழம்பு மலையிலிருந்து வழிந்து கடல்வரை வந்து அப்படியே உறைந்திருக்கிறது. ஓடிய வரிகள்கூட மடிப்பு மடிப்பாகத் தெரிகின்றன. பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்த்தேன். விளிம்பு சவரக்கத்திக்குச் சமம்.

இரண்டிலும் ஒவ்வொரு துண்டை எடுத்துக் கடலில் போட்டோம். வெண்கல் தக்கைபோல் மிதந்து ஆடியது. கருங்கல் போன இடம் தெரியவில்லை. தம்பி சிரித்தார்: "ரெண்டும் ஒரே சாமான் எண்டு சொன்னால் ஊரில ஒருத்தரும் நம்ப மாட்டினம்."

ஆனால் இரண்டும் ஒரே பொருள்தான். இரண்டுமே ரயோலைட். இரண்டுமே முக்கால் பங்கு சிலிக்கா. பிலாத்தோ மலையின் நுரைக்கல் 8ஆம் நூற்றாண்டின் வெடிப்பில் வானில் பறந்தது. செம்பாறைகளின் கண்ணாடி 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரையில் ஊர்ந்தது. வேறுபாடு வாயுவில். ஆழத்தில் இந்தக் குழம்பு தன் எடையில் நான்கைந்து விழுக்காடு நீரைக் கரைத்து வைத்துக்கொள்ள முடியும், தரைமட்டத்தில் 0.1 விழுக்காடுதான் தங்கும். மிச்சம் முழுவதும் வெளியே போயாக வேண்டும். குழம்பு விரைந்து ஏறினால் வாயுவுக்குத் தப்ப நேரமில்லை. குமிழ்கள் பெருத்து, கன அளவில் முக்கால் பங்கைப் பிடித்ததும் நுரை கிழிந்து தூளாகிப் பாய்கிறது. அதுதான் வெண்கல். குழம்பு மெல்ல ஏறினால், குமிழ்கள் ஒன்றோடொன்று இணைந்து, பிளவுகள் வழியாகவும் பக்கத்துப் பாறைகள் வழியாகவும் வாயு கசிந்து போய்விடுகிறது. நுரை அமிழ்ந்து கண்ணாடியாகிறது. அதுதான் கருங்கல்.

இது எவ்வளவு நுட்பமான விஷயம் என்பதைச் சிலி நாட்டின் கோர்டோன் கௌயே எரிமலை 2011, 2012இல் காட்டியது. ஒரே வாயிலிருந்து ஆப்சிடியன் குழம்பு வழிந்தது. அதே நேரத்தில் சாம்பலும் சீறியது. வெடிப்பா வழிவா என்று குழம்பு ஒரு முறை முடிவெடுத்துவிட்டு நிற்பதில்லை. இரண்டும் பக்கத்துப் பக்கத்திலேயே நடக்கலாம்.

லிபாரிக் கோட்டைக்குள் இருக்கும் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இந்தக் கருங்கண்ணாடிக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறார்கள். உலோகம் அறியாத புதிய கற்காலத்தில் இங்கிருந்து போன கண்ணாடிக் கத்திகள் இத்தாலி, மால்டா, தெற்குப் பிரான்ஸ் வரை கிடைத்திருக்கின்றன. நான் தொட்டுப் பார்த்த செம்பாறைகள் அவற்றுக்கு மிகப் பிந்தியவை. கற்கால மக்கள் எடுத்தது அதே தீவின் பழைய வெடிப்புகள் தந்த கண்ணாடியை.

சிலிக்கா சொல்வதும் சொல்லாததும்

அப்படியானால் விதி பொய்யா? இல்லை. மூன்று தீவுகளையும் சேர்த்துப் பார்த்தால் விதி பெரும்பாலும் நிற்கிறது. குறைந்த சிலிக்காவுள்ள ஸ்ட்ராம்போலி அடிக்கடி, சிறிதாக வெடிக்கிறது. கூடிய சிலிக்காவுள்ள வுல்கானோவும் லிபாரியும் நூற்றாண்டுக் கணக்கில் உறங்கிப் பெரிதாக வெடிக்கின்றன. வாயு எளிதில் தப்பிக்கிறதா, சிக்கிக்கொள்கிறதா என்பதைச் சிலிக்கா பெருமளவு தீர்மானிக்கிறது. ஆனால் அது குழம்பின் குணத்தைச் சொல்லுமே தவிர, அடுத்த வெடிப்பின் அளவைச் சொல்லாது.

இதே வட்டாரத்தில் அதற்குச் சான்று உண்டு. கி.பி. 79இல் பாம்பெயி நகரைப் புதைத்த வெசுவியஸ் குழம்பில் சிலிக்கா சுமார் 55 விழுக்காடுதான். ஆனால் அதில் நீர் மிகுந்திருந்தது. சிசிலியின் எட்னா பசால்ட் மலை, லாவா வழிவதற்குப் பெயர் போனது; கி.மு. 122இல் அதே எட்னா வெடித்துக் கத்தானியா நகரின் மேல் கல்மழை பெய்தது. குழம்பு வேகமாக ஏறி, வாயு பிரிந்து, நுண்படிகங்கள் மண்டிவிட்டால், நெகிழ்வான பசால்ட்கூட ரயோலைட்போல் நடந்துகொள்ளும்.

அதனால்தான் இத்தாலியின் தேசியப் புவி இயற்பியல், எரிமலையியல் நிறுவனம் கல்லை ஆராய்வதோடு நிற்காமல் வாயுவை ஓயாமல் அளந்துகொண்டிருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு ஆழத்திலேயே பிரிந்துவிடும். கந்தக டை ஆக்சைடு மேலே வந்தபின்தான் பெரும்பாலும் பிரியும். ஸ்ட்ராம்போலியில் முன்னதன் விகிதம் திடீரென்று ஏறினால், ஆழத்தில் புதுக்குழம்பு வந்திருக்கிறது என்று பொருள். பெருவெடிப்புகளுக்கு முன் அப்படி ஏறியது பதிவாகியிருக்கிறது. தரை வீங்குகிறதா, நடுங்குகிறதா என்பதையும் கருவிகள் கவனிக்கின்றன. ஆனாலும் 2019இன் பெருவெடிப்புக்கு முன் ஊரைக் காலி செய்யும் அளவுக்குத் தெளிவான எச்சரிக்கை கிடைக்கவில்லை.

ஆகவே, இந்தத் தீவுகளுக்குப் போகிறவர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. "இது சாதுவான எரிமலை" என்று யாராவது சொன்னால், அது நேற்றுவரை நடந்ததைப் பற்றிய செய்தி என்று எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்புமுன் அன்றைய எச்சரிக்கை நிலையையும், பாதை எந்த உயரம்வரை திறந்திருக்கிறது என்பதையும் விசாரியுங்கள். 400 மீட்டரோடு நில் என்று பலகை சொன்னால் 401ஆவது மீட்டருக்கு ஆசைப்பட வேண்டாம்.